வீட்டு வயரிங்கில் நாமே கை வைக்கலாமா? விதி போட்டிருக்கும் கோடு எங்கே?

ட்யூப் லைட் மாட்ட எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டீர்களா என்று கேட்டால் யாரும் சிரிப்பார்கள். புது ஏ.சி.க்கு லைன் இழுக்க உரிமம் உள்ள ஆளைத்தான் வைத்தீர்களா என்று கேட்டாலும் அதே சிரிப்புதான் வரும். முதல் சிரிப்பு சட்டப்படி சரி. இரண்டாவது தப்பு. எது வரைக்கும் நம் கை, எங்கிருந்து உரிமம் பெற்றவர் கை என்று நம் நாட்டில் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தவர்கள்தான் குறைவு.

மின்சாரச் சட்டம் 2003-ன் 53-வது பிரிவு, பாதுகாப்பு விதிகளை வகுக்கும் அதிகாரத்தை மத்திய மின்சார ஆணையத்துக்குத் தருகிறது. ஆணையம் 2010-ல் ஒரு ஒழுங்குமுறைத் தொகுப்பை வெளியிட்டது. 2023-ல் அதற்குப் பதிலாகப் புதியது வந்தது. இரண்டுக்கும் முன்னால் இருந்தது 1956-ம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள். அதன் 45-வது விதிதான் நம் கேள்விக்கான மூல பதில். தொகுப்புகள் மாறினாலும் அந்த வாசகத்தின் சாரம் இன்றுவரை மாறவில்லை.

அது சொல்வது இதுதான்: நுகர்வோர் வீட்டில் புதிதாக மின்வேலை செய்வது, இருப்பதோடு சேர்ப்பது, மாற்றுவது, பழுது பார்ப்பது ஆகிய எல்லாவற்றையும் மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும். தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் நேரடியாகக் கண்காணிக்க வேண்டும். வேலையில் கை வைப்பவரும் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். விலக்கு ஒன்றே ஒன்று. விளக்கு, மின்விசிறி, பியூஸ், சுவிட்ச், 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டுச் சாதனங்கள், பொருத்தும் பாகங்கள் ஆகியவற்றை, அமைப்பின் திறனோ தன்மையோ எந்த விதத்திலும் மாறாதபடி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம். அதற்கு உரிமம் வேண்டாம்.

சொந்த வீடு என்பதற்குத் தனிச் சலுகை கிடையாது என்பதைக் கவனியுங்கள். பி.இ. எலக்ட்ரிக்கல் முடித்தவருக்கும் பட்டம் மட்டும் போதாது, சான்று வேண்டும்.

திறனும் தன்மையும்

மொத்த விதியும் இந்த இரண்டு சொற்களில்தான் நிற்கிறது. வீட்டில் தினமும் நடப்பதை வைத்துப் பார்த்தால் புரியும்.

குளியலறையில் ஆறு ஆம்பியர் பிளக் பாயின்ட் ஒன்று இருக்கிறது. கீசர் வாங்கியாயிற்று, அதன் பிளக் பெரியது, இதில் நுழையவில்லை. சாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பதினாறு ஆம்பியர் சாக்கெட் மாட்டுகிறோம். பார்த்தால் ஒரு சாக்கெட்டுக்கு இன்னொரு சாக்கெட், அவ்வளவுதான். ஆனால் 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். சுவருக்குள் ஓடுவது லைட்டுக்காகப் போட்ட 1 சதுர மில்லிமீட்டர் வயராக இருக்கலாம், பல விளக்குகளோடு பங்கு போட்டுக்கொண்டதாகவும் இருக்கலாம். பவர் பாயின்ட்டுக்குப் பொதுவாக 2.5, கீசருக்கும் ஏ.சி.க்கும் 4 சதுர மில்லிமீட்டர் போடுவது வழக்கம். மாறியது சாக்கெட் மட்டுமில்லை, அந்த லைன் சுமக்கும் திறன். விலக்கு இங்கே செல்லாது.

பளு கூடினால் தானாக அணையும் சுவிட்சான எம்.சி.பி. கதையும் இதேதான். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று 16-ஐ எடுத்துவிட்டு 32 ஆம்பியர் போடுவார்கள். அப்புறம் டிரிப் ஆகாது, வாஸ்தவம். வயர் சூடாகும்போதும் ஆகாது. எம்.சி.பி. இருப்பது வயரைக் காப்பாற்றத்தான்; வயருக்குத் தாங்காத எண்ணைப் போட்டால் அது பெட்டிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். பழைய வீடுகளில் பியூஸ் போனால், வயரிலிருந்து ரெண்டு மூணு செம்பு இழையை உருவி, பியூஸ் கம்பியைத் தாங்கும் கட்டையான கேரியரில் சுற்றுகிறோமே, அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும். பியூஸ் மாற்ற உங்களுக்கு அனுமதி உண்டு. கேரியரில் எழுதியிருக்கும் ஆம்பியருக்கு உரிய பியூஸ் கம்பியைப் போடும்வரைதான் அது பியூஸ் மாற்றுவது.

தன்மை மாறுவதற்கு எனக்குத் தெரிந்த மோசமான உதாரணம் எர்த் இல்லாத சாக்கெட்டில் நடப்பது. மூன்று பின் சாக்கெட் வாங்கி, எர்த் வயர் இல்லாததால் நியூட்ரலிலிருந்து (கரென்ட் திரும்பிப் போகும் வயர்) ஒரு சின்னத் துண்டை எர்த் பின்னுக்கு இணைத்துவிடுவார்கள். சாதாரண நாளில் எல்லாம் ஒழுங்காக ஓடும். எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால், வாஷிங் மெஷினின் உடம்பு முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். காப்பாற்ற வைத்த பின்னே ஷாக்கைக் கொண்டுவந்து சேர்க்கும்.

ஆக, செய்யப் போகும் வேலைக்கு இரண்டு கேள்வி போதும். சுவருக்குள் இருக்கும் வயரையோ இணைப்பு முறையையோ மாற்றுகிறேனா? அந்த வயர் சுமக்க வேண்டிய பளுவோ, அதைக் காக்கும் பியூஸ், எம்.சி.பி.யின் ஆம்பியரோ கூடுகிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் நீங்கள் செய்யலாம். ஒன்றுக்கு ஆம் என்றாலும் கூடாது.

அனுமதி இருக்கும் வேலையிலும் ஒரு பள்ளம்

சுவிட்சும் ஃபேனும் மாற்றச் சட்டம் விடுகிறது. பாதுகாப்பாக மாற்றத் தெரியுமா என்பது வேறு கேள்வி.

"மெயினை ஆஃப் பண்ணிட்டேன்" என்று நம்பிக்கையோடு ஏணியில் ஏறுவோம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த நம்பிக்கைக்கு அர்த்தமில்லை. மெயினை இறக்கியதும் கரென்ட் போய்விட்டதாக இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும். கண் இமைக்கும் நேரத்தில் பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டை லைட், ஃபேன் லைனுக்குத் தரும். நீங்கள் கழற்றப் போவதும் அதே ஃபேனைத்தான். அதனால் மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் நிறுத்த வேண்டும். பிறகு டெஸ்டர். அதிலும் ஒரு வரிசை உண்டு: கரென்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் டெஸ்டர் எரிகிறதா என்று முதலில் பார்த்து, நிறுத்திய பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, கடைசியில் வேறு ஒரு உயிருள்ள பாயின்ட்டில் இன்னொரு முறை சோதிக்க வேண்டும். எரியாத டெஸ்டர் கரென்ட் இல்லை என்றும் சொல்லலாம், நான் செத்துவிட்டேன் என்றும் சொல்லலாம்.

சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஹோல்டரைத் தொடுவது இதைவிட ஆபத்து. சுவிட்ச், கரென்ட் வரும் ஃபேஸ் வயரில் இருக்க வேண்டும். முன்னால் யாரோ அவசரத்தில் நியூட்ரலில் போட்டிருந்தால் பல்பு அணையும், ஹோல்டரில் மட்டும் ஃபேஸ் நின்றுகொண்டே இருக்கும்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் இரண்டு முனையிலும் பிளக் உள்ள வயரால் அதைச் சாக்கெட்டில் சொருகி வீடு முழுவதும் கரென்ட் ஓட விடுவதுண்டு. மெயினை இறக்க மறந்தால் அந்த மின்சாரம் தெருவுக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாகும். கம்பத்தில் லைன் செத்திருக்கிறது என்று நம்பி வேலை செய்கிற லைன்மேனுக்கு அது தெரியாது. தெரு லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். அதை வைப்பது உரிமம் உள்ளவர் வேலை.

மீட்டர் பக்கம் போகவே வேண்டாம்

மீட்டர், அதன் சீல், அதற்கு முன்னால் இருக்கும் கட்-அவுட் பியூஸ், கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் ஆகிய இடங்களில் நமக்கும் உரிமையில்லை, நாம் கூப்பிடும் தனியார் எலக்ட்ரீஷியனுக்கும் இல்லை. அனுமதியில்லாமல் மீட்டரை லைனோடு இணைப்பது, துண்டித்த இணைப்பை மீண்டும் கொடுப்பது போன்றவற்றுக்கு மின்சாரச் சட்டத்தின் 138-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தொடர்ந்து செய்தால் நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாய் வரை கூடுதல் அபராதம். கம்பத்தில் பியூஸ் போனால் பக்கத்து வீட்டுத் தம்பி ஏறிப் போட்டுவிடுவான் என்பது பல தெருக்களில் நடப்பதுதான். தமிழ்நாட்டில் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987 இருபத்துநாலு மணி நேரமும் இயங்குகிறது. அந்தப் புகாருக்குக் கட்டணம் இல்லை.

உரிமம் உள்ளவர் என்றால் யார்?

தமிழ்நாட்டில் இதைக் கொடுப்பது கிண்டியில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். தனி ஆட்களுக்கு மேற்பார்வையாளர், மின்கம்பியாள், மின்கம்பியாள் உதவியாளர் என்று தகுதிச் சான்றுகள். நிறுவனத்துக்கோ தொழில் செய்பவருக்கோ ஒப்பந்ததாரர் உரிமம். அதில் செய்யக்கூடிய வேலையின் அளவைப் பொறுத்துத் தரங்கள் உண்டு. பள்ளிக்கூடம் போய்ப் படிக்காமல் தொழிலிலேயே வளர்ந்தவர்களுக்கு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடக்கிறது. வயரிங் வேலையில் அனுபவம் இருந்தால் அதை எழுதலாம். உங்களுக்கு வழக்கமாக வேலை செய்யும் அண்ணன் கைத்திறன் உள்ளவர், சான்று மட்டும் இல்லை என்றால் இந்த வழியை அவருக்குச் சொல்லுங்கள்.

என் பார்வையில் இந்த விதி அதிகம் மீறப்படுவது வீட்டுக்காரர் தானே ஸ்க்ரூடிரைவர் எடுப்பதால் அல்ல. "தெரிஞ்ச ஆள்" என்ற ஒரே தகுதியில் கூப்பிடும் எலக்ட்ரீஷியனால்தான். சட்டத்தின் கண்ணில் சான்றில்லாத அவரும் நீங்களும் ஒன்றுதான். "அண்ணே, லைசென்ஸ் நம்பர் சொல்லுங்க, ஈ.பி.யில் கேட்பாங்க" என்று சொன்னால் யாருக்கும் மனம் புண்படாது. எண்ணோடு காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈ.பி.யில் கேட்பார்கள் என்பது சும்மா சொல்வதில்லை. விதியை மீறிச் செய்த வேலைக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது, வழங்குபவரின் லைனோடு இணைக்கவும் கூடாது என்று அதே ஒழுங்குமுறை சொல்கிறது. புது இணைப்புக்கோ கூடுதல் மின்பளுவுக்கோ விண்ணப்பிக்கும்போது மின் வழங்கும் நிறுவனம் உங்கள் வயரிங்கைத் தானே சோதிக்க வேண்டும், அல்லது உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் சான்றளித்த சோதனை அறிக்கையை ஏற்க வேண்டும். ஆறு மாதம் துண்டித்துக் கிடந்த இணைப்பைத் திரும்பக் கொடுக்கும்போதும் இதே நடைமுறை. இந்த அறிக்கை வேலைக்குப் பணம் கொடுத்த உங்கள் உரிமை. அதில் கையெழுத்து மட்டும் இருந்து அளவீடு எதுவும் இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். இன்சுலேஷனை அளக்கும் கருவியான 500 வோல்ட் மெக்கரில் அது குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். எர்த் அளவும் எழுதியிருக்க வேண்டும்.

சூரிய ஒளித் தகடு போடுபவர்களுக்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு. பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பது பதிவு பெற்ற விற்பனையாளர் மூலம் போட்டால்தான். தகடுகளை வாங்கி வந்து நாமே மாட்டினால் மானியமும் இல்லை, கிரிட் இணைப்பும் இல்லை.

வெளிநாட்டில் எப்படி?

இங்கிலாந்தில் 2005 முதல் கட்டட விதிகளின் 'பார்ட் பி' என்ற பகுதி இதைக் கவனிக்கிறது. அங்கே வீட்டுக்காரர் புது சர்க்யூட்டே போடலாம். ஆனால் உள்ளூர் கட்டடக் கட்டுப்பாட்டுத் துறைக்கு முன்கூட்டியே சொல்லி, சோதனைக்கு உட்பட வேண்டும். ஆஸ்திரேலியா நேர் எதிர்: சுவர் சாக்கெட்டை மாற்றுவதற்கே உரிமம் வேண்டும். நம் விதி நடுவில் நிற்கிறது. சின்ன வேலைக்கு ஆஸ்திரேலியாவைவிடத் தாராளம். பெரிய வேலையில், திறமையுள்ள வீட்டுக்காரர் தானே செய்து ஆய்வாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்கும் வழியே இல்லை. அப்படி ஒரு வழி இருந்திருந்தால் மறைவாகச் செய்யும் வேலை கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இல்லாத வழியைப் பற்றிப் பேசி இப்போது பயனில்லை.

ஏற்கெனவே செய்துவிட்டிருந்தால்

பெரும்பாலான வீடுகளில் சான்றில்லாத கை ஏதோ ஒரு காலத்தில் பட்டிருக்கும். சுவரை இடிக்க வேண்டியதில்லை. உரிமம் உள்ள ஒருவரைக் கூப்பிட்டு மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: ஒவ்வொரு எம்.சி.பி.க்கும் பின்னால் இருக்கும் வயர் அந்த எண்ணைத் தாங்குமா, எல்லா சாக்கெட்டிலும் எர்த் உண்மையிலேயே எர்த்துக்குப் போகிறதா, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா.

கடைசியில் சொன்னது ஃபேஸில் போன கரென்ட் நியூட்ரலில் முழுசாகத் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் கருவி. திரும்பாத பங்கு, உங்கள் உடல் வழியாகவோ வேறு வழியாகவோ, தரைக்குப் போகிறது என்று தெரிந்தால் நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் மட்டும் அதற்கு வித்தியாசம் தெரியாது, காப்பாற்றாது.

பழைய வீட்டில் புதிதாக ஆர்.சி.சி.பி. வைத்தால் முதல் நாளே டிரிப் ஆகிக்கொண்டிருக்கலாம். பல நேரம் காரணம் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் மெயின் லைனின் நியூட்ரலும் எங்கோ ஒரு சுவிட்ச் பெட்டிக்குள் ஒன்றாக முறுக்கப்பட்டிருப்பது. "இந்த மாடல் சரியில்ல சார், எடுத்துடலாம்" என்பார்கள். எடுக்க விடாதீர்கள். அந்த முறுக்கு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கண்டுபிடித்துப் பிரிக்கச் சொல்லுங்கள். அரை நாள் ஆகும், அதற்கான கூலியும் கேட்பார்கள். கொடுத்துவிட்டு, பிரித்த பிறகு எடுத்த அளவுகளை அறிக்கையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.