செத்த வீட்டில் விரல் மடங்குவது ஏன்?

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். அப்பப்பாவின் செத்த வீட்டில் விம்மி விம்மி அழுதபோது உதடு விறைத்து, முகம் துடித்து, இரண்டு கையும் உள்ளே மடங்கிவிட்டதாம். பிறகு இரத்தம் சோதித்ததில் கல்சியம் சரியாகவே இருந்தது. "பேய் பார்த்திருக்கு, நூல் கட்டவேணும்" என்று வீட்டுப் பெரியவர்கள் ஒற்றைக்காலில் நிற்கிறார்களாம். அவர் சொல்வதைப் பார்த்தால் மூச்சுத்தான் காரணமாக இருக்கவேண்டும்.

நரம்பின் கதை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். உள்ளே பொற்றாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம், மென்சவ்வின் இருபுறமும் ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் வித்தியாசம். மென்சவ்வில் சோடியம் நுழையும் வாசலான சோடியக் கால்வாய் திறந்தால் கணத்தாக்கம் என்ற மின்சைகை ஓடும், தசை சுருங்கும்.

கல்சியம் குறைந்தால் தசை இப்படி இறுகும் என்பதால்தான் இரத்தத்தில் அதைப் பார்த்தார்கள். சரி, தசை சுருங்கக் கல்சியம் வேண்டுமே, அது குறைந்தால் தசை சோர்ந்துதானே போகவேண்டும்? எலும்புத்தசை தன் சுருக்கத்துக்கு வேண்டிய கல்சியத்தைத் தனக்குள்ளேயே சேமித்து வைத்திருக்கிறது. வெளியே, குருதியில் ஓடும் கல்சியத்துக்கு வேறு வேலை. இரட்டை நேரேற்றம் கொண்ட அந்த அயன்கள் நரம்பின் வெளிப்பரப்பிலுள்ள மறையேற்றங்களில் ஒட்டிக்கொண்டு, சோடியக் கால்வாய்கள் லேசில் திறக்காமல் பார்த்துக்கொள்கின்றன. அவை குறைந்தால், கச்சான் காற்றில் கொழுக்கி போடாத கதவு மாதிரி, சின்னத் தூண்டலுக்கும் கால்வாய் திறந்துவிடும். சில வேளை தூண்டலே தேவையில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். குருதியிலுள்ள கல்சியத்தில் ஏறத்தாழ பாதிதான் சுதந்திரமாக அலைகிறது. மீதியில் பெரும்பகுதி அல்புமின் என்ற புரதத்தில் ஒட்டியிருக்கிறது. நரம்பைக் காப்பது அலையும் பாதி மட்டுமே. அல்புமினில் கல்சியம் உட்காரும் அதே இடங்களுக்கு ஐதரசன் அயன்களும் போட்டி போடுகின்றன. விம்மி அழும்போது மூச்சு வேகமாகிக் காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. குருதியில் அமிலத்தன்மை குறைகிறது, ஐதரசன் அயன்கள் அல்புமினை விட்டு இறங்குகின்றன, காலியான இடத்தில் கல்சியம் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. மொத்தக் கல்சியம் இம்மியும் குறையவில்லை, ஆனால் நரம்புக்கு அது கிடைக்கவில்லை. காரமாகும் குருதி நரம்பைத் தன் பங்குக்கும் உசுப்பிவிடுகிறது. மொத்தத்தை மட்டும் அளக்கும் பரிசோதனையில் இது எதுவும் தெரியாது. மூச்சு அடங்கிய பிறகு எடுத்த இரத்தத்தில் தெரியவே வழியில்லை.

அந்தக் கை மடங்கும் விதம் தனி. மணிக்கட்டு மடியும், விரல்கள் நீண்டபடியே அடியில் மட்டும் வளையும், பெருவிரல் உள்ளங்கைக்குள் போகும். பிறஷர் பட்டியைச் சில நிமிடம் இறுக்கி இதே கோலத்தை வரவழைக்கலாம் என்று பிரெஞ்சு மருத்துவர் ட்ரூசோ 1861இல் எழுதினார். கல்சியக் குறைவைக் கண்டுபிடிக்க இன்றும் அதைச் செய்து பார்க்கிறார்கள்.

துக்கத்தில் மூச்சிழுத்து அழும் பிள்ளையை ஆட்கள் சூழ்ந்து நின்று வேப்பிலையால் அடிப்பது எனக்குப் பொறுக்கவே முடியாத காரியம். பயம் கூடினால் மூச்சு இன்னும் வேகமாகும், விரல் இன்னும் இறுகும். கூட்டத்தை விலக்கி, பக்கத்தில் இருந்து, மெதுவாக மூச்சுவிடச் சொல்லுங்கள். முகத்தில் பையைக் கவிழ்க்க வேண்டாம். நெஞ்சுநோவோ ஆஸ்துமாவோ இருந்தால் அது ஆபத்து.

அழுகையோ பதற்றமோ இல்லாமல் இப்படி வந்தாலும், கழுத்தில் தைரொயிட் சத்திரசிகிச்சை செய்தவருக்கு வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அங்கே மக்னீசியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அது மிகவும் குறைந்திருந்தால் எவ்வளவு கல்சியம் கொடுத்தாலும் அளவு நிலைக்காது.