டெல்லியில் வாசல் மரம்: எதற்கு அனுமதி கேட்க வேண்டும், எதற்குக் கேட்க வேண்டாம்

டெல்லியில் மே மாதம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் 44 டிகிரி கொளுத்தும், சாயங்காலம் வானம் மஞ்சளாகும், அப்புறம் ஆந்தி, அதாவது புழுதிப்புயல். புழுதியோடு காற்று சுழன்று அடிக்கும்போது வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்களின் கண் முழுக்க வாசலில் நிற்கும் வேம்பின் மேலோ நாவலின் மேலோதான் இருக்கும், கார்மேல் விழுமா, பால்கனிமேல் விழுமா என்று. 2022 மே 30 அன்று அடித்த காற்றில் ஜாமா மசூதியின் நடுக் கும்பத்துக் கலசமே உடைந்து விழுந்தது, ஊர் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட மரங்கள் வேரோடு சாய்ந்தன. அதற்கடுத்த வாரம் எங்கள் காலனி வாட்சப் குழுவில் ஒரே பேச்சுதான்: "வெட்டிடலாம்."

வெட்டலாமா என்றால், நினைத்தபடி வெட்ட முடியாது. 1994-இல் இருந்து டெல்லிக்கென்று தனியாக ஒரு மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நம் ஆட்கள் பலர் இதைப் பொது இடத்து மரத்துக்கான சட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் சொந்தப் பட்டா நிலத்தில், உங்கள் மாமனார் நட்டு, நீங்களே தண்ணீர் ஊற்றி வளர்த்த மாமரமாக இருந்தாலும் அதை வெட்ட மர அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். மர அதிகாரி என்பவர் வனத்துறை ஆள். காலனிச் சங்கத் தலைவர் இல்லை, மாநகராட்சித் தோட்டக்காரரும் இல்லை. அவர்கள் "சரி, வெட்டிக்கோங்க" என்று சொன்னால் அதற்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் கிடையாது.

எது மரம் என்பதிலேயே பலர் ஏமாறுகிறார்கள். தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் அடிமரத்தின் குறுக்களவு 5 சென்டிமீட்டர் இருந்து, மொத்த உயரம் ஒரு மீட்டரைத் தொட்டிருந்தால் அது மரம். அதாவது நம் மணிக்கட்டுப் பருமன், இடுப்பளவு உயரம். போன வருஷம் நட்ட கொன்றைக்கன்று கொஞ்சம் தேறியிருந்தால் இப்போது அதற்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. 'வெட்டுவது' என்ற சொல்லுக்கும் சட்டம் அகலமான பொருள்தான் கொடுக்கிறது. அடியோடு சாய்ப்பது மட்டுமில்லை, பட்டையை வளையமாக உரிப்பது, கிளைகளைக் கழிப்பது, உச்சியை மொட்டையடிப்பது, மருந்து ஊற்றுவது, தீ வைப்பது, வேறு எந்த விதத்திலாவது சேதப்படுத்துவது எல்லாமே அதற்குள் அடங்கும். அந்தக் கடைசி வார்த்தைகளைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அவற்றுக்கு வேலை இருக்கிறது.

விண்ணப்பம் போட்டால் என்ன நடக்கும்? மர அதிகாரியின் ஆட்கள் வந்து பார்ப்பார்கள், 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் மலரும். ஆனால் அதை நம்பி 61-ஆம் நாள் ரம்பத்தோடு கிளம்புவதற்கு முன் விண்ணப்பம் சேர்ந்ததற்கான ரசீது கையில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நாள் எண்ணிப் பிரயோஜனமில்லை. பட்டுப்போன மரம், நோய் பிடித்தது, காற்றில் சாய்ந்தது, உயிருக்கோ வீட்டுக்கோ ஆபத்தானது, போக்குவரத்தை மறிப்பது, இவற்றுக்கெல்லாம் அனுமதி மறுக்கக் கூடாது என்பது பொது விதி. வெட்டிய பிறகு பதிலுக்கு நட வேண்டும், வழக்கமாக ஒன்றுக்குப் பத்து. இதில் எனக்கு எப்போதும் சந்தேகம்தான்: நாற்பது வருஷ நிழலுக்குப் பதில் எங்கேயோ ஊர்க்கோடியில் பத்து குச்சி.

பெரிய கட்டுமானக்காரர்களுக்கு இப்போது இன்னொரு படியும் உண்டு. 2024 டிசம்பர் 19-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவின்படி 50 அல்லது அதற்கு மேற்பட்ட மரங்களை வெட்ட மர அதிகாரி அனுமதித்தாலும், வனம், சுற்றுச்சூழல் விஷயங்களில் அந்த நீதிமன்றத்துக்கு உதவும் மத்திய அதிகாரக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் அதைச் செயல்படுத்த முடியாது. வீட்டு வாசல் ஆசாமிக்கு இது தேவைப்படாது.

உண்மையான அவசரம் வந்தால்? மரம் பாதி சாய்ந்து மின்கம்பியில் தொங்குகிறது, அல்லது பள்ளிக்கூட வாசலில் விழப்போகிறது என்றால் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம். உயிருக்கோ சொத்துக்கோ போக்குவரத்துக்கோ பெரும் ஆபத்து என்றால் உடனே வெட்டலாம், 24 மணி நேரத்துக்குள் மர அதிகாரிக்குத் தெரிவித்தால் போதும். வெட்டுவதற்கு முன் நாலு பக்கமும் நின்று போட்டோ எடுங்கள். இல்லாவிட்டால், ஆபத்து என்று நீங்கள் சொன்ன மரம் அடுத்த வாரம் வெறும் அடிக்கட்டையாக நிற்கும், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. மீறினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! 1994-இல் எழுதிய தொகை. டெல்லியில் ஒரு நாள் கிரேன் வாடகை அதைவிட அதிகம். மனை வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும், அதைத் தனியாக எழுதிக் கோபப்பட வேண்டும்.

கிளை கழிப்பதுதான் சாதாரணக் குடும்பத்துக்கு அடிக்கடி வரும் பிரச்சினை. மேல்மாடி மாமிக்கு வெயில் வேண்டும், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஜூன் கடைசியில் காரெல்லாம் நாவல்பழக் கறை. 2019-இல் அரசு ஒரு வழிகாட்டுதல் போட்டது: 15.7 சென்டிமீட்டர் வரை சுற்றளவுள்ள கிளைகளை மர அதிகாரியைக் கேட்காமலே கழிக்கலாம் என்று. இந்த விசித்திர எண் எங்கிருந்து வந்தது என்று முழிக்க வேண்டாம், 5 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கிளையின் சுற்றளவுதான் 15.7. கிளையும் மரமும் ஒரே அளவுகோல். இந்த ஏற்பாட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் ரத்து செய்தது, சட்டத்தில் இல்லாத சலுகையை வழிகாட்டுதல் தர முடியாது என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு காலனிச் சங்கங்கள் போட்ட சத்தத்தில் நடைமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் போன வருஷம் பக்கத்து பிளாக்கில் எப்படிச் செய்தார்கள் என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள், கழிக்கப்போகிற வாரத்தில் உங்கள் பகுதி மர அதிகாரி அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அனுமதி கிடைத்தால் அடுத்த ஆபத்து, வருகிற ஆள். பெரும்பாலும் கோடாலியோடு வருவார், எவ்வளவு விறகு கிடைக்கிறதோ அவ்வளவு அவருக்கு லாபம். பக்கத்தில் நின்று மூன்று வெட்டு போடச் சொல்லுங்கள். கிளையின் அடியில், தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, கீழிருந்து மேலாக மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்கு ஓரிரு அங்குலம் வெளியே தள்ளி மேலிருந்து இரண்டாவது வெட்டு, கிளை கீழே விழுந்துவிடும். முதல் வெட்டு இல்லாமல் நேரே மேலிருந்து அறுத்தால் பாரத்தில் கிளை முறிந்து, தண்டின் பட்டையை ஆளுயரத்துக்கு உரித்துக்கொண்டு போகும், ஊரெங்கும் அப்படிக் காயத்தோடு நிற்கும் மரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது, மீதி நிற்கும் கிளைக்கட்டையை எடுப்பது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையமாக ஒரு மேடு புடைத்திருக்கும், தோள்பட்டை மாதிரி. அந்த மேட்டைத் தொடாமல், அதை ஒட்டி வெளியே அறுக்க வேண்டும். காயத்தை மூடும் புதுத் திசு அங்கிருந்துதான் வளர்கிறது. தண்டோடு வழவழப்பாகச் சீவினால் பார்க்க அழகாக இருக்கும், பத்து வருஷத்தில் உள்ளே பொந்து விழும். வெட்டுவாயில் தாரோ பெயிண்டோ பூச வேண்டாம், அதனால் அழுகல் நிற்பதில்லை. உச்சியை மட்டும் ஒரேயடியாக மொட்டையடிக்க விடாதீர்கள். அப்படிச் செய்த மரம் பதற்றத்தில் துடைப்பம் போல நிறையக் கிளை விடும், அந்தப் புதுக் கிளைகள் தண்டோடு ஆழமாகச் சேராமல் மேலாக ஒட்டிக்கொண்டிருக்கும், நாலு வருஷம் கழித்து ஒரு ஆந்தியில் முதலில் முறிவது அவைதான். காற்றுக்குப் பயந்து செய்த காரியமே காற்றுக்குத் தீனி.

இவ்வளவும் வெட்டுவதைப் பற்றி. விண்ணப்பம் போடுகிறவர்கள் எல்லோரும் வெட்டத்தான் கேட்கிறார்கள், மரம் ஏன் விழுகிறது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஆந்தியில் சாய்ந்த மரத்தின் அடியைப் போய்ப் பாருங்கள். நம் நகரத்து மரங்களின் வேரில் பெரும்பகுதி தரைக்குக் கீழே இரண்டடிக்குள்தான் இருக்கிறது, ஆணிவேர் பாதாளம் வரை போகிறது என்பது பள்ளிக்கூடப் படம். அந்த வேர் மூச்சு விட வேண்டும், மழை நீர் அதற்கு இறங்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? நடைபாதைக்கு டைல்ஸ் போடுகிறவர் தண்டுவரை கொண்டுவந்து சிமெண்ட் பூசிவிடுகிறார், வடிகால் தோண்டுகிறவர் ஒரு பக்கத்து வேரை முழுசாக அறுத்துவிட்டுப் போகிறார். மேலே இலை பச்சையாகத்தான் இருக்கும். கீழே பிடிமானம் போயிருக்கும்.

இதற்கு 2013 ஏப்ரல் 23-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்குத் தெளிவான உத்தரவு போட்டிருக்கிறது: மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை எடுக்க வேண்டும், மரத்தில் அடித்த ஆணி, விளம்பரப் பலகை, மின்கம்பி எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். மேலே ஞாபகத்தில் வைக்கச் சொன்னேனே, 'வேறு எந்த விதத்திலாவது சேதப்படுத்துவது', அதற்குள் இந்த சிமெண்டும் வரும். அடிமரத்தை இறுக்கிப் பூசியவர்களுக்கு வனத்துறை இந்தச் சட்டத்தின் கீழேயே நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது.

ஆக, அனுமதி தேவையில்லாத வேலை இது. உங்கள் வளாகத்துக்குள் இருக்கும் மரத்தைச் சுற்றி சிமெண்டை உடைத்து மண்ணைத் திறக்க மர அதிகாரியைக் கேட்க வேண்டாம். வெளியே நடைபாதை என்றால் நீங்களே கடப்பாரை எடுக்காதீர்கள், சாலை யாருடையது என்று பார்த்து, மாநகராட்சியோ பொதுப்பணித் துறையோ, அவர்களுக்குத் தீர்ப்பாய உத்தரவைக் குறிப்பிட்டு எழுதுங்கள், ஒரு பிரதியை மர அதிகாரிக்கும் அனுப்புங்கள். இரண்டு இடத்துக்கும் போன கடிதத்துக்குத்தான் பதில் வருகிறது என்பது என் அனுபவம். எங்கள் தெருவில் நான் எழுதிய முதல் கடிதத்துக்கு எட்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை, பிரதி போட்ட இரண்டாவது கடிதத்துக்கு மூன்றே வாரத்தில் இரண்டு பேர் சுத்தியலோடு வந்தார்கள். வந்தவர்கள் ஒன்பது மரத்தில் ஆறை மட்டும் திறந்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார்கள், திரும்பி வரவில்லை, அது வேறு கதை.

உடைக்கும்போது ஜேசிபி வேண்டாம், கைச்சுத்தியல், சிற்றுளி போதும். வேர் சிமெண்டோடு ஒட்டியிருந்தால் பிடுங்காமல் சுற்றி உடையுங்கள். திறந்தபின் செம்மண் கொட்டித் தண்டைச் சுற்றி மேடு கட்டுவது நம் ஆட்களின் அடுத்த தப்பு. அடிமரம் வேராக விரியும் இடம் வெளியே தெரிய வேண்டும், அது மண்ணுக்குள் புதைந்தால் பட்டை அழுகும். அப்படியே வருஷாவருஷம் காவியும் சுண்ணாம்பும் அடிக்கும் வழக்கத்தால் மரம் வளர்வதில்லை, விட்டுவிடலாம். நட்டபோது போட்ட இரும்பு வேலி தண்டைத் தொட ஆரம்பித்துவிட்டதா என்று பாருங்கள், தொட்டிருந்தால் வேலியை வெட்டி எடுங்கள். அதை விட்டால் பட்டைக்குள் கம்பி புதைந்து, மரம் தன்னையே நெரித்துக்கொள்ளும்.

பெயர்த்து வேறு இடத்தில் நடலாமே என்று யாராவது சொல்வார்கள். அதற்கும் டெல்லியில் 2020-இல் ஒரு கொள்கை வந்தது: கட்டுமானத்தால் பாதிக்கப்படும் மரங்களில் 80 சதவீதத்தைப் பெயர்த்து நட வேண்டும், ஒரு வருஷம் கழித்து அவற்றில் 80 சதவீதம் உயிரோடு இருக்க வேண்டும். 2022-இல் அரசே உயர் நீதிமன்றத்தில் கொடுத்த கணக்கில், முந்தைய மூன்று வருஷங்களில் பெயர்த்து நட்ட 16,461 மரங்களில் மூன்றில் ஒரு பங்குதான் பிழைத்திருந்தது. வளர்ந்த மரத்தைத் தூக்கும்போது தண்ணீர் குடிக்கும் மெல்லிய வேர்களெல்லாம் பழைய குழியிலேயே தங்கிவிடுகின்றன, லாரியில் போவது தண்டும் கொஞ்சம் கட்டை வேரும்தான். இளமரம் என்றால், மாதக்கணக்கில் முன்கூட்டியே வேரைச் சுற்றித் தயார் செய்தால், தேறலாம்.

கடைசியாக இலை. மார்ச்சிலும் ஏப்ரலிலும் வேம்பும் அரசும் கொட்டுவதைக் கூட்டிக் கொளுத்தும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 2015-இல் தீர்ப்பாயம் போட்ட உத்தரவின்படி திறந்த வெளியில் இலை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம், மரத்தையே வெட்டினால் கட்டுவதைவிட ஐந்து மடங்கு. அந்த இலையை இப்போது திறந்துவைத்த ஒரு மீட்டர் வட்டத்திலேயே மூன்று நாலு அங்குலத்துக்குப் பரப்புங்கள், தண்டை மட்டும் ஒரு சாண் விட்டு. ஜூனில் அதன்மேல் வாரம் இரண்டு குடம் ஊற்றினால் மழை வரும்வரை தாங்கும். காலனித் தோட்டக்காரர் அடுத்த நாள் காலை அதைக் கூட்டி எடுத்துவிடுவார், அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.