ஒல்லிப் பிள்ளைக்கு எதற்கு எக்சசைஸ்?

"இவளுக்கு உடம்பே இல்லையே மிஸ், பிறகேன் எக்சசைஸ்?"

இந்த மாதம் இதைக் கேட்ட நாலாவது அம்மா இவர். வெள்ளவத்தையில் பிசியோதெரபி செய்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளுக்குப் பதினான்கு வயது, மூன்று மாதமாக முதுகு நோ, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. (ஆள் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கையூன்றாமல் நிலத்திலிருந்து எழும்பச் சொன்னேன், முடியவில்லை. ஒற்றைக் காலில் நின்று குதிக்காலை உயர்த்தச் சொன்னேன். ஏழாவது தடவையில் சுவரைப் பிடித்துவிட்டாள். கடைசியாக எப்போது ஓடினாய் என்று கேட்டேன். அம்மாவை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பெரியபிள்ளை ஆனதுக்குப் பிறகு ஓடினதே இல்லை மிஸ்."

இரண்டு வருடம்.

காலை ஆறேகாலுக்கு வான். திரும்பவும் வான், லிஃப்ட், ஒன்பதாம் மாடி, சாப்பாடு, அப்புறம் இரவு எட்டு மணி வரை டியூஷன். விளையாட்டுப் பாடவேளை வந்தால் அதையும் கணித டீச்சர் எடுத்துக்கொள்கிறாராம். சரி, நேரமில்லை என்றால் நம்புகிறேன். ஒல்லி, அதனால் தேவையில்லை என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

உடற்பயிற்சி கொழுப்பைக் கரைக்கிற மருந்து என்று யார் சொன்னது? குண்டுப் பிள்ளைக்குத் தண்டனை, ஒல்லிப் பிள்ளைக்கு விடுமுறை என்பதுபோல் பேசுகிறோம். தராசு மொத்த எடையைத்தான் காட்டும். அதில் தசை எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்று சொல்லாது. எத்தனையோ ஒல்லிப் பிள்ளைகள் இரண்டு மாடி ஏறுவதற்குள் மூச்சிரைக்க நிற்கிறார்கள்.

எலும்பு சும்மா வளர்வதில்லை. ஓடி, துள்ளி, குதித்து இறங்கும்போது விழுகிற அதிர்வுதான் அதை உறுதியாக்குகிறது. வளர்ந்த ஒருவரின் எலும்பில் இருக்கும் தாதுச் சத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, பிள்ளை கிடுகிடுவென்று உயரும் அந்த 2 வருடத்தில்தான் சேர்கிறது. பெண் பிள்ளைகளுக்கு அது 12, 13 வயதையொட்டி வரும், ஆண் பிள்ளைகளுக்கு 14ஐ ஒட்டி. நாங்கள் சாமத்திய வீடு செய்து, அல்பமும் அடித்து, "இனித் துள்ளித் திரியாதே" என்று சொல்வதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். பிறகு ஃபார்மசியில் கல்சியம் மாத்திரை கேட்கிறோம்! எடை குறைந்த பிள்ளையின் எலும்புக்குத் தன் உடம்பின் பாரமும் குறைவாகத்தான் கிடைக்கிறது. ஆகவே துள்ளல் அதிகம் தேவைப்படுவது அவளுக்குத்தான்.

(நீச்சல் வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் கோபிக்க வேண்டாம். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அருமையான பயிற்சி அது. ஆனால் தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு அந்த அதிர்வு கிடைப்பதில்லை. நிலத்திலும் கொஞ்சம் ஓட விடுங்கள்.)

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரைக்கும் சொல்வது நாளுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும் உடலசைவு. அதில் கிழமைக்கு 3 நாளாவது தசையையும் எலும்பையும் பலப்படுத்துகிற விளையாட்டு இருக்க வேண்டும். ஒல்லிப் பிள்ளைக்கு விலக்கு என்று அதில் எங்கும் இல்லை. 2016இல் உலகம் முழுவதும் 11 முதல் 17 வயது வரையானோரில் 81 சதவீதம் பேர் இந்த அளவை எட்டவில்லை. பெண் பிள்ளைகளில் அது 85 சதவீதம்.

"ஞாயிற்றுக்கிழமையில காலிமுகத்திடலுக்குப் போறனாங்கள்தானே மிஸ்." போய்? இறால் வடை, ஐஸ்கிரீம், பட்டம் பார்த்தல், திரும்பி வருதல். மூச்சு வாங்க வேண்டும் அம்மா. பேசலாம், பாட முடியாது, அந்த அளவுக்கு.

அறுபது நிமிடத்தை ஒரே மூச்சில் முடிக்கத் தேவையில்லை. காலையில் இருபது, மாலையில் நாற்பது என்று பிரிக்கலாம். மத்தியான வெயிலில் ஓட விடாதீர்கள், தண்ணீர் போத்தல் கையில் இருக்கட்டும். மழை என்றால் வீட்டுக்குள் கயிறடிக்கலாம். மாதவிடாய் நாட்களில் பிள்ளைக்கு முடிந்தால் விளையாடலாம், அதைத் தீர்மானிப்பவர் அம்மம்மா அல்ல. இழுப்பு உள்ள பிள்ளையை மூலையில் உட்கார வைக்காதீர்கள். டொக்டரிடம் கேட்டு, பம்பையும் கையோடு கொடுத்து அனுப்புங்கள். ஓடும்போது மயங்கி விழுந்தாலோ நெஞ்சு நொந்தாலோ அதைக் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது, உடனே டொக்டரிடம் போக வேண்டும். முதுகு நோ நித்திரையிலிருந்து எழுப்பினால், காய்ச்சலோடு வந்தால், கால் விறைத்தால் என்னிடம் வராதீர்கள், முதலில் அவரிடம் போங்கள்.

அந்தப் பிள்ளைக்குக் கயிறடிக்கத்தான் கொடுத்தேன். முதல் நாள் இருபதோடு நின்றுவிட்டாள். கீழ்வீட்டு ஆன்ட்டி சத்தம் என்று முறைப்பட்டதால் இப்போது கார் பார்க்கில் துள்ளுகிறாள். நூறு தாண்டிவிட்டது, முதுகு நோவும் குறைந்திருக்கிறது. நேற்று அம்மா வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: "அடுத்த மாசம் தவணைச் சோதனை மிஸ். அதுவரைக்கும் நிப்பாட்டட்டா?"

தயவுசெய்து வேண்டாம் அம்மா என்று பதில் போட்டேன்.