பரணில் கிடந்த கிளாரினெட்டுக்கு எண்ணெய் எப்போது?

கும்பகோணம் பக்கத்து வீடொன்றின் பரணில் பல ஆண்டுகள் கிடந்த மரக் கிளாரினெட்டை இறக்கியதும், மூட்டுகளைச் சுற்றியுள்ள உலோகப் பூண்களை விரலால் தள்ளிப் பாருங்கள். பூண் எளிதில் சுழன்றால், மரம் ஈரத்தை இழந்து சுருங்கிவிட்டது என்று பொருள். பலரும் உடனே எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடுவார்கள். மரம் இழந்ததோ நீரை. அந்த இடத்தை எண்ணெயால் நிரப்ப முடியாது.

கிளாரினெட்டுகள் பெரும்பாலும் கிரெனடில்லா எனும் ஆப்பிரிக்கக் கருமரத்தில் கடையப்படுகின்றன. நம் ஈட்டி மரத்தின் பேரினத்தைச் சேர்ந்த அம்மரம் நீரில் மூழ்குமளவு அடர்த்தியானது; இயல்பிலேயே எண்ணெய்ப் பசையும் உடையது. ஆயினும் நரசிங்கம்பேட்டை நாகசுரத்தின் ஆச்சா மரத்தைப் போலவே அதுவும் காற்றின் ஈரத்துக்கேற்பப் பருக்கவும் சுருங்கவும் செய்யும். இம்மாற்றம் நீளவாக்கில் மிகச் சொற்பம், குறுக்குவாக்கில் மிகுதி. அதிலும் வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைவிடப் பெரும்பாலான மரங்களில் ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், கருவியின் உள்ளே நெடுக வட்டமாகக் கடைந்த துளை நுண்ணளவில் நீள்வட்டமாகிவிடுகிறது.

ஆபத்து வாசிக்கத் தொடங்கும்போதுதான் வருகிறது. மூச்சின் ஈரம் துளையின் உட்சுவரில் துளிகளாகப் படிகிறது. உட்புறம் அதைக் குடித்து விரிய, வெளிப்புறம் காய்ந்தபடியே நிற்க, அந்த இழுவிசை தாங்காமல் மேல்துண்டு இழையோடு பிளக்கிறது. சதிர் நடனத்துக்கு வாசித்த சின்ன மேளக் குழுக்களிலும், பின்னர் கிளாரினெட் கலைஞர் ஏ.கே.சி. நடராஜனின் கச்சேரிகளிலும் ஒலித்த கருவி இது; அவசரத்தால் ஒன்றைக்கூட இழக்கக் கூடாது.

எண்ணெய்ப் படலம் ஈரம் புகும் வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. எனவே முதலில் நாளுக்குப் பத்து நிமிடம் மட்டும் வாசித்து, உட்புறத்தைத் துணியால் துடைத்து, இரண்டு மூன்று வாரங்களில் நேரத்தைக் கூட்ட வேண்டும். அதன் பிறகும் துளை வெளிறித் தெரிந்தால், வாதுமை எண்ணெய் சில துளிகளைத் துணியில் விட்டு உட்சுவரில் பூசி, ஓரிரவு விட்டு, மிச்சத்தை ஒற்றி எடுக்கலாம். நாகசுரத்தில் சாவிகள் இல்லை. கிளாரினெட்டிலோ துளைகளை மூடித் திறக்கும் சாவிகளின் அடியிலுள்ள மெத்தைகள் எண்ணெய் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதால், அவற்றின் கீழே மெல்லிய தாளை வைத்துக்கொள்வது அவசியம். தேங்காய் எண்ணெய் மார்கழி விடியலில் உறையும். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுக்காகும். இரண்டும் வேண்டாம்.

பூண்களை ஒட்டுவதிலும் அவசரம் கூடாது. ஆடிக் காற்றில் தளர்ந்த பூண் ஐப்பசி அடைமழையில் தானே இறுகக்கூடும். அதுவரை ஒரு தாள் துண்டைச் செருகி வைத்து, மழைக்காலம் முடிந்தும் ஆடினால் மட்டும் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கலாம்.