இரவு எப்படித் தூங்கினார்?

தேவனாம்பட்டினத்தில் ஒரு வீடு. காலை பதினொரு மணிக்கு நான் போகும்போதெல்லாம் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருப்பார். பக்கவாதம் வந்த வலது கை மடியில் கிடக்கும். எழுப்பி, பிளாஸ்டிக் டம்ளரை எடுத்து முன்னால் வைக்கச் சொன்னால் இரண்டாவது முறையிலேயே தலை சாய்ந்துவிடும். "முயற்சியே செய்ய மாட்டேன் என்கிறார் டாக்டரம்மா" என்று அவர் மனைவி அலுத்துக்கொள்வார். (நான் இயன்முறை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட். எத்தனை முறை சொன்னாலும் அந்தத் தெருவுக்கு நான் டாக்டரம்மாதான்.)

மூன்று வாரம் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒத்துழைக்காத நோயாளி என்று குறிப்பேட்டில் எழுதிக்கூட வைத்தேன். இரவு எப்படித் தூங்குகிறார் என்று நான் கேட்டதே நான்காவது வாரத்தில்தான்.

"இரண்டு மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவார். வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்."

நாற்பது ஆண்டுகளாக அந்த நேரத்தில் எழுந்து கடலுக்குப் போனவர். உடம்புக்கு அந்தக் கணக்கு மறக்கவில்லை. முன்பெல்லாம் பொழுது சாய்ந்ததும் படுத்துவிடுவார். இப்போது அவர் கட்டில் கிடப்பது தொலைக்காட்சி ஓடும் கூடத்தில். வீடு அடங்க மணி பத்தாகிவிடும். ஆக, அவருக்குக் கிடைத்தது நான்கு மணி நேரத் தூக்கம். அதை வைத்துக்கொண்டு பதினொரு மணிக்கு டம்ளரைத் தூக்கச் சொன்னேன்.

கட்டிலை உள்ளறைக்கு மாற்றினோம். எட்டு மணிக்கே விளக்கை அணைக்கச் சொன்னோம். பயிற்சியைக் காலை ஆறரைக்கு மாற்றி, வாசலில் வெயில் படும்படி உட்காரவைத்தேன். பகல் தூக்கத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரத்தோடு நிறுத்தினோம். ஒன்றரை மாதத்தில் டம்ளரைத் தாண்டி, வலை பின்னும் ஊசியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டார். கோக்க வரவில்லை. பிடித்தார், அவ்வளவுதான். ஆனால் அதைக் கீழே வைக்க மனமில்லாமல் வெகுநேரம் வைத்திருந்தார்.

பகலில் பழகும் அசைவுகளை மூளை உறுதிப்படுத்திக்கொள்வதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பக்கவாதத்துக்குப் பின் சட்டைப் பொத்தான் போடுவதும் சோற்றைப் பிசைவதும் புதிதாகக் கற்கும் பாடங்கள். இரவு கெட்டால் அந்தப் பாடமும் கெடும்.

குறட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் குறட்டை என்பது நிம்மதியின் அடையாளம். மஞ்சக்குப்பத்தில் ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவரின் மகள், "அப்பா நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்குகிறார்" என்று மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். ஓர் இரவு அதைக் கைபேசியில் பதிவு செய்து வரச் சொன்னேன். குறட்டை, குறட்டை, பிறகு சத்தமே இல்லை. மனத்துக்குள் பதினெட்டு வரை எண்ணினேன். அப்புறம் தண்ணீரில் மூழ்கி எழுந்தவர்போல ஒரு திணறல். பக்கவாதம் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, ஏதோ ஓர் அளவில், தூக்கத்தில் மூச்சு இப்படித் தடைபடுகிறது. காலையில் தலைவலி, வாய் வறட்சி, மாத்திரை போட்டும் இறங்காத இரத்த அழுத்தம், பேப்பர் படிக்கும்போதே கண் சொருகுவது ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். மல்லாந்து படுத்தால் பலருக்கு இது கூடும். ஒருக்களித்துப் படுத்தால் குறையும். அவரைப் புதுச்சேரிக்குத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினோம். இப்போது இரவில் மூக்கில் முகமூடி மாட்டிக் காற்றைச் செலுத்தும் சிபாப் கருவியோடு படுக்கிறார். முதல் வாரம் கழற்றி எறிந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மருந்துக் கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுப்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. மூச்சுத் தடை இருப்பவருக்குச் சில வகை மாத்திரைகள் அதை இன்னும் கெடுக்கும். நள்ளிரவில் கழிப்பறைக்கு எழுந்தவர் தடுமாறி விழுவார், இடுப்பெலும்பு முறியும். சிறுநீர் பிரியக் கொடுக்கும் மாத்திரையை மாலையில் போடுகிறாரா என்று பாருங்கள். நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தோள் வலியால் விழித்துக்கொள்பவர்களும் நிறைய. செயலிழந்த கைக்கு அடியில் தலையணை வையுங்கள். படுக்கையிலிருந்து தூக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. அதிகாலையில் விழித்துக் காரணமில்லாமல் அழுகிறார், எதிலும் நாட்டமில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். பக்கவாதத்துக்குப் பின் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு அது வருகிறது, சிகிச்சையும் இருக்கிறது.

தூக்கம் வேறு, களைப்பு வேறு. நன்றாகத் தூங்கியும் குளித்து உடை மாற்றியதுமே துவண்டுபோகிறவர்கள் உண்டு. பாதிக்கப்பட்ட மூளைக்குக் குளியலே ஒரு நாள் வேலை. குளியலையும் பயிற்சியையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள்.

திடீரென்று எழுப்ப முடியாத அளவுக்குத் தூங்குகிறார், அல்லது தூங்கி எழும்போதே வாய் கோணி, கை தொங்கி, பேச்சு குழறுகிறது என்றால் காப்பி கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்காமல் 108-ஐ அழையுங்கள். பக்கவாதம் வருபவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத் தூங்கி எழும்போதுதான் அது தெரியவருகிறது. கடைசியாக நன்றாக இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று மருத்துவமனையில் கேட்பார்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது.

மறுபடி தேவனாம்பட்டினம். ஒரு காலையில் பெரியவரின் இடது மணிக்கட்டில் ஒரு துணி முடிச்சு இருப்பதைப் பார்த்தேன். அவர் எழுந்தால் தனக்கு விழிப்பு வர வேண்டும் என்று, அவர் மனைவி தரையில் படுத்துக்கொண்டு தன் பழைய சேலையின் கிழிசலால் இரண்டு கைகளையும் பிணைத்திருந்தார். பக்கவாதம் வந்த நாளிலிருந்தே அப்படித்தானாம். ஏழு மாதம்.

"அம்மா, நீங்கள் எப்போது தூங்குகிறீர்கள்?" என்றேன்.

சிரித்தார். உள்ளே இருந்த மகனைக் கூப்பிட்டு அதே கேள்வியை அவரிடமும் கேட்டேன். இப்போது செவ்வாய், வியாழன், சனி இரவுகளில் மகன் அந்த அறையில் படுக்கிறார்.