‘இங்க எனக்கு செட் ஆகல மேடம்’

கல்லூரி திறந்து மூன்றாவது வாரம். எதிரே உட்கார்ந்திருந்த முதலாமாண்டு மாணவன் மடியில் இருந்த பையை இறக்கவே இல்லை. மதிய இடைவேளையில் என்ன செய்வாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“போனைக் காதுல வெச்சுக்கிட்டு நடப்பேன் மேடம். யார்கூடயோ பேசுற மாதிரி. தனியா இருக்கேன்னு தெரியக்கூடாதுல்ல.”

ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த போன் நிஜமாகவே அடித்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் கேன்டீன் பக்கமே போகவில்லை. பசியோடுதான் மதிய வகுப்பில் உட்கார்ந்திருந்தான்.

மாணவர்களுக்கு மனநல ஆலோசனை தரும் என் வேலையில் இதையே வெவ்வேறு விதமாகக் கேட்கிறேன். ஒருத்தி இடைவேளை முழுக்கக் கழிப்பறையில் நின்றிருப்பாள். இன்னொருவன் நூலகத்தில் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மணி அடிக்கும்வரை காத்திருப்பான். பேசி முடிக்கும்போது எல்லோரும் வந்து நிற்கிற வரி ஒன்றுதான்: “இங்க எனக்கு செட் ஆகல.” சிலர் அதற்கு அடுத்த வரியையும் சொல்லிவிடுவார்கள்: “என்கிட்டதான் ஏதோ கோளாறு.”

இந்த இரண்டாவது வரியைத்தான் நான் விடாமல் எதிர்க்கிறேன். மூன்று வாரத்தில் யாருக்கும் நட்பு கூடிவிடாது. ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்கப் பேராசிரியர், புது ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் முதலாமாண்டு மாணவர்களையும் வைத்து இதைக் கணக்கிட்டுப் பார்த்தார். 2018இல் வெளியான அந்த ஆய்வின்படி, வெறும் அறிமுகம் சாதாரண நட்பாக மாறவே ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டியிருக்கிறது. நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம். நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கும் மேல். அதிலும், ஒரே வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்கும் நேரம் அவ்வளவாகக் கணக்கில் சேர்வதில்லை. பாடத்துக்கு வெளியே, கட்டாயம் இல்லாமல் சேர்ந்து கழிக்கும் நேரம்தான் ஒட்டவைக்கிறது. ஒருவரோடு தினமும் அரைமணி நேரம் என்று வைத்தாலும், முதல் 50 மணி நேரத்துக்கே 100 நாள் ஆகும். அந்த மாணவன் இருபதாவது நாளிலேயே தனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டு வந்திருந்தான்.

“மத்தவங்கெல்லாம் கேங்கா சுத்துறாங்களே?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் முதல் வாரங்களில் கண்ணில் படும் கேங்குகளில் பாதி, பயத்தில் கையைப் பிடித்துக்கொண்டவர்கள்தான். அடுத்த செமஸ்டருக்குள் அவை கலைந்து வேறுவிதமாகச் சேர்வதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அந்தக் கும்பலின் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்த பெண் மறுவாரம் என் அறைக்கு வந்து, “அவங்க யாருமே எனக்கு நெருக்கம் இல்ல” என்று அழுததும் உண்டு. கனடாவில் முதலாமாண்டு மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், ‘என்னைவிட மற்றவர்களுக்குத்தான் இங்கே நண்பர்கள் அதிகம்’ என்று நம்பியவர்களே, தங்களுக்கு அதிகம் என்று நம்பியவர்களைவிட நிறையப் பேர். அடுத்தவர் சிரிப்பது கண்ணுக்குத் தெரிகிறது. அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகு என்ன ஆகிறதென்று யாருக்கும் தெரிவதில்லை.

போன் அடித்த அந்த நொடிக்கு வருகிறேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. தாமஸ் கிலோவிச் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழுவினர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கூச்சப்பட வைக்கும் படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்கூட இல்லை. நேரில் பேசும்போதும் இதே கதைதான். அறிமுகமில்லாத இருவர் பேசி முடித்த பிறகு, ‘என்னை அவருக்கு அவ்வளவாகப் பிடித்திருக்காது’ என்று இருவருமே குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்கிறது 2018இல் எரிகா பூத்பி என்ற உளவியலாளரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. ஒரே விடுதியில் தங்கிய மாணவர்களிடம் இந்தத் தப்புக்கணக்கு மாதக்கணக்கில் நீடித்தது. நேற்றுப் பேசியவர் இன்று தானாக வந்து பேசவில்லை என்றால், அவரும் உங்களைப் போலவே நினைத்துக்கொண்டு நிற்கிறார் என்றுதான் பெரும்பாலும் பொருள்.

‘தன்னம்பிக்கையோடு இரு’, ‘எல்லோரிடமும் கலகலப்பாகப் பேசு’ என்ற அறிவுரைகளை நான் தருவதில்லை. கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைக்கு அது இன்னொரு தேர்வு வைத்த மாதிரி ஆகிவிடும். பத்துப் பேர் வேண்டாம், ஒருவர் போதும் என்பேன். அவனிடம் கேட்டது சின்ன விஷயம்: ஆய்வகத்தில் கூட நிற்கும் பையனோடு வாரத்தில் இரண்டு நாள் கேன்டீன் வரை நடக்க வேண்டும். சுவாரசியமாகப் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. “இந்த ரெக்கார்டு நோட்டை எப்போ வைக்கணும்?” என்று ஆரம்பித்தால் போதும். வகுப்பில் தினமும் அதே இடத்தில் உட்காரச் சொன்னேன். திரும்பத் திரும்பப் பார்த்த முகத்தோடு பேசுவது யாருக்கும் எளிது. இரண்டு மாதம் கழித்து வந்தபோது, “கேங்கெல்லாம் இல்ல மேடம், ஆனா எனக்கு ஒருத்தன் சீட் பிடிச்சு வைக்கிறான்” என்றான். பையைக் கீழே வைத்திருந்தான்.

எல்லாப் பாரத்தையும் மாணவர் தலையிலேயே ஏற்றுவதும் தவறு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவர்களுக்கும், பாடம் நடக்கும் மொழி வீட்டில் பேசாத மொழியாக இருப்பவர்களுக்கும் ‘இது எனக்கான இடமா?’ என்ற கேள்வி இன்னும் கூர்மையாகக் குத்தும். அமெரிக்க உளவியலாளர்கள் கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முதலாமாண்டு மாணவர்களுக்குச் சீனியர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். ‘ஆரம்பத்தில் எல்லோருக்கும் இப்படித்தான் இருந்தது, போகப் போகச் சரியானது’ என்பதே அவற்றின் சாரம். ஒரு மணி நேர வேலைதான். கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்ணில் அதன் பலன் மூன்றாண்டுகள் வரை தெரிந்தது. ஆனால் 22 கல்வி நிறுவனங்களில் பெரிய அளவில் செய்து 2023இல் வெளியிட்டபோது இன்னொன்றும் தெரிந்தது: சேர்ந்து பழக உண்மையிலேயே வாய்ப்பு தரும் கல்லூரிகளில்தான் இது பலித்தது. ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ‘நீங்களே குழு பிரிச்சுக்கோங்க’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரு பிள்ளை தனியாக நிற்கிறது. குழுவை நீங்களே பிரித்துக் கொடுங்கள்.

யாராவது திட்டமிட்டு ஒதுக்கினாலோ, ராகிங் செய்தாலோ அது ‘செட் ஆகாத’ பிரச்சினையே இல்லை. உடனே புகார் செய்ய வேண்டிய விஷயம். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இறுகியே கிடந்தால், தூக்கமும் சாப்பாடும் குறைந்தால், வகுப்புக்கே போகப் பிடிக்காமல் போனால் ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லும்வரை தனியாக இருக்காதீர்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். தினமும் போன் செய்து “ஃப்ரெண்ட்ஸ் கிடைச்சாங்களா?” என்று கேட்காதீர்கள். இல்லை என்று சொல்ல மனமில்லாமல் பொய் சொல்வார்கள், அப்புறம் அந்தப் பொய்யைக் காப்பாற்றவே தனியாகிப்போவார்கள். “இன்னைக்குப் பக்கத்துல யார் உட்கார்ந்தா?” என்று கேட்டுப் பாருங்கள். யாரும் இல்லை என்று பதில் வந்தால், பதறாமல் போனைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருங்கள்.