பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருந்தாலும்

போன வாரம் ஒரே நாளில் மூன்று பேர் கூப்பிட்டார்கள். மூன்று பேருக்கும் ஒரே கேள்வி. கடைசியாகக் கூப்பிட்டவர் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் ஒரு தம்பி. அறிவியல் புனைகதைப் படங்களில் வரும் விண்கலங்களை ரெசினில் வார்த்து, வண்ணம் பூசி, உள்ளே விளக்கு வைத்து விற்கும் ஒரு சின்னப் பட்டறையில் ப்ரீ-ஆர்டர் போட்டிருந்தார். விலை 640 பவுண்டு. இருபது மாதத்துக்கு முன்பே முழுவதையும் கட்டிவிட்டார். இப்போது அந்தப் பட்டறை மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது.

"அண்ணா, என் கப்பல் ரெடின்னு போட்டோவே அனுப்பியிருக்காங்க. அது என்னோடதுதானே? வேன் எடுத்துட்டுப் போய்த் தூக்கிட்டு வந்துடவா?"

போகாதீங்க தம்பி என்றேன். பிறகு முக்கால் மணி நேரம் விளக்க வேண்டியிருந்தது. திவாலான நிறுவனங்களின் கணக்கை எடுத்து முடித்துக் கொடுக்கும் அலுவலகத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற கோரிக்கைகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. இந்த முக்கால் மணி நேரத்தை இதுவரை எத்தனை பேருக்குச் செலவழித்திருப்பேன் என்று கணக்கில்லை. சோபா வாங்கியவர்களுக்கு, திருமண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்கு, இப்போது மாடல் சேகரிப்பவர்களுக்கு. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

"காசு கொடுத்துட்டேன், அதனால பொருள் என்னுடையது." எல்லாக் குழப்பமும் இந்த ஒரு வரியில்தான் தொடங்குகிறது. நம் ஊரில் நகைச் சீட்டு கட்டுகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பதினோரு மாதம் கட்டியாயிற்று. கடை மூடிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் நீங்கள் பார்த்து வைத்த சங்கிலி அப்படியே தொங்குகிறது. அது உங்கள் சங்கிலியா? இல்லை. கடை உங்களுக்குப் பணம் தர வேண்டும், அவ்வளவுதான். சங்கிலி கடையின் சொத்து. கடைக்குக் கடன் கொடுத்த வங்கி அதன் மேல் ஏற்கெனவே கை வைத்திருக்கும். விண்கலமும் இதே கதைதான்.

பிரிட்டனில் 1979-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. இன்ன பொருள்தான் என்று தனியாக அடையாளம் காணப்படாத சரக்கின் உரிமை வாங்குபவருக்கு மாறாது. நீங்கள் வாங்கியது 'அந்தக் கப்பல்' இல்லை, 'அந்த மாதிரி ஒரு கப்பல்'. கிடங்கில் முப்பது கப்பல் நிற்கிறது, பணம் கட்டியவர்கள் நூற்றைம்பது பேர். எது யாருடையது?

"எனக்கு 43-ஆம் எண் கொடுத்திருக்காங்களே அண்ணா" என்றார் தம்பி. போட்டோவை அனுப்பச் சொல்லிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கப்பல் அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. எஞ்சின் வாய்களில் நீல விளக்கு எரிகிறது. ஆனால் கீழே தாங்கியில் இருக்கும் பித்தளைத் தகட்டில் நீலப் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் உரிக்கப்படவில்லை. எண் பொறிக்கவே இல்லை. அதே போட்டோவை நூற்றைம்பது பேருக்கும் அனுப்பியிருக்கலாம். 43 என்பது மின்னஞ்சலில் மட்டும்தான் இருக்கிறது.

சரி, எண் பொறித்திருந்தால்? பெட்டியில் போட்டுப் பெயரே ஒட்டியிருந்தால்? இதையும் நேரில் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கெடுக்கப் போனேன். கதவருகே ஒன்பது அட்டைப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பெயர், முகவரி, கூரியர் ஸ்டிக்கர் எல்லாம் இருந்தது. ஒன்றின் மேல் மட்டும் யாரோ மஞ்சள் தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள்: "இவர் மூணு தடவை போன் பண்ணிட்டார், முதல்ல இவருக்கு அனுப்புங்க." வேலை போன பெண் ஒருவர் கடைசி நாளில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒன்பதையும் அப்படியே அனுப்பிவிடலாமா என்று வழக்கறிஞரைக் கேட்டோம். அனுப்ப முடியவில்லை.

காரணம், 1957-இல் ஒரு சைக்கிள் வழக்கு. கோஸ்டா ரிகாவைச் சேர்ந்த ஒரு நிறுவனம் இங்கிலாந்தில் சைக்கிள் வாங்க முழுப் பணமும் கட்டிவிட்டது. சைக்கிள்களைப் பெட்டியில் அடைத்து வாங்கியவர் பெயரையும் குறித்தாயிற்று. கப்பலில் ஏறுவதற்குள் விற்ற நிறுவனம் விழுந்தது. உரிமை இன்னும் மாறவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னொன்று நியூசிலாந்தில் நடந்தது. கோல்ட்கார்ப் என்ற நிறுவனத்திடம் மக்கள் தங்கம் வாங்கினார்கள், அங்கேயே விட்டுவைத்து அத்தாட்சிப் பத்திரம் மட்டும் கையில் வைத்துக்கொண்டார்கள். 1988-இல் அது சரிந்தது. 1994-இல், அப்போது நியூசிலாந்து வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். பெரும்பாலானோருக்கு அங்கும் கிடைக்கவில்லை. இருந்த தங்கம் கடன் கொடுத்த வங்கிக்குப் போனது. தங்கத்துக்கே இந்தக் கதி.

உங்களுக்காகவே தனியாகச் செய்த ஒரே ஒரு பொருள், ஒப்பந்தத்தில் உரிமை எப்போது மாறும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது, இப்படி இருந்தால் சில நேரம் வாங்கியவர் பக்கம் தீர்வதும் உண்டு. அதைக் கேட்டு எழுத்தில் வாங்கியவர்களை நான் பார்த்தது மிகக் குறைவு.

அடுத்தது, "வேறொருத்தர் வாங்கிட்டாங்களாமே, அவங்க அனுப்புவாங்கதானே?" 2022-இல் லண்டனைச் சேர்ந்த ஈகிள்மாஸ் நிறுவனம் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனபோது, அதாவது கடனில் விழுந்து அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற வெளியாளின் பொறுப்புக்குப் போனபோது, உலகம் முழுக்க இந்தக் கேள்விதான். 2013-இலிருந்து ஸ்டார் ட்ரெக் தொடரில் வரும் விண்கலங்களின் மாதிரிகளை ஒவ்வொன்றாக, கூடவே ஓர் இதழுடன், வெளியிட்டு வந்தவர்கள். என்டர்ப்ரைஸ்-டி கப்பலை உதிரிபாகம் உதிரிபாகமாக அனுப்பும் திட்டமும் நடந்துகொண்டிருந்தது. பாதிக் கப்பலோடு நின்றவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. அந்தக் கப்பலின் முன்பக்க வட்டத்தட்டில் முக்கால் பகுதியை மட்டும் யாருக்கு விற்க முடியும்? பிறகு மிச்சமிருந்த ஸ்டார் ட்ரெக் சரக்கை மாஸ்டர் ரெப்ளிகாஸ் என்ற நிறுவனம் வாங்கியது. என்டர்ப்ரைஸ்-டி திட்டத்தை ஃபேன்ஹோம் என்ற இன்னொரு நிறுவனம் புதிதாகத் தொடங்கியது. உடனே அவர்கள் மேல் கோபம். கோபப்பட நியாயமில்லை. திவாலில் விற்பது சரக்கு, வார்ப்பு அச்சு, பெயர் ஆகியவற்றைத்தான். பழைய பாக்கியை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. 2006 ஆகஸ்டில் ஹம்ப்ரால் என்ற மாடல் நிறுவனம் விழுந்தபோது, அதன் ஏர்ஃபிக்ஸ் என்ற மாடல் பிராண்டை ஹார்ன்பி நிறுவனம் நவம்பரில் வாங்கியது. ஏர்ஃபிக்ஸும் மற்றச் சொத்துகளும் சேர்த்து 26 லட்சம் பவுண்டு. வாங்கியது சொத்துகளை. படத்தில் வரும் கப்பலைச் செய்து விற்க வாங்கும் உரிமமோ இன்னும் தனி. உரிமம் பெற்றவர் திவாலானால் அது ரத்தாகும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள் பெரும்பாலும்.

அப்படியென்றால் உங்கள் பணம் எந்த வரிசையில் நிற்கிறது? கடைசியில். சொத்தை அடமானம் பிடித்த வங்கி, நடைமுறைச் செலவு, ஊழியர் சம்பளத்தில் ஒரு பகுதி, 2020 டிசம்பரிலிருந்து வரித்துறையின் சில பாக்கிகள். இவர்களுக்குப் பிறகுதான் நீங்கள். வங்கிப் பங்கிலிருந்து உங்களைப் போன்றவர்களுக்கென்று கொஞ்சம் ஒதுக்கச் சட்டம் இருக்கிறது. அதிலும் பவுண்டுக்குச் சில பென்ஸ் வந்தால் நல்ல முடிவு. முன்பணம் கட்டிய நுகர்வோர் சிலருக்காவது வரிசையில் முன்னிடம் கொடுங்கள் என்று சட்ட ஆணையம் 2016-இலேயே பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

ஒரே ஒரு நல்ல வழி இருக்கிறது, அது விற்பவர் கையில். 1970-களில் கேஃபோர்ட் என்ற தபால்வழி விற்பனை நிறுவனத்தின் வழக்கு. சரிவு வரப்போவது தெரிந்ததும் வாடிக்கையாளர் பணத்தை, அவர்களுக்காகவே ஒதுக்கிவைக்கும் தனி 'டிரஸ்ட்' கணக்கில் நிறுவனம் போட்டது. அந்தப் பணம் வாடிக்கையாளருடையதுதான், நிறுவனத்தின் சொத்து இல்லை என்று நீதிபதி தீர்ப்பளித்தார். ஆகவே ப்ரீ-ஆர்டர் வாங்குகிறவரிடம் கேளுங்கள்: என் பணம் பொருள் அனுப்பும் வரை தனிக் கணக்கில் இருக்குமா?

கேட்கமாட்டீர்கள், எனக்குத் தெரியும். இந்தத் துறையில் விற்பவரும் ரசிகர், வாங்குபவரும் ரசிகர். கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்ற கூச்சம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். விழுந்த பட்டறைகளில் நான் பார்த்த முதலாளிகள் பலரும் நல்லவர்கள்தான், ராத்திரி பகலாக மணல்தாள் தேய்த்தவர்கள். ஆனால் கணக்கைத் திறந்தால் ஒரே கதை. முதல் கப்பலுக்கு வாங்கிய அட்வான்ஸ் அச்சிலும் உரிமத்திலும் போய்விட்டது. அதைச் செய்து முடிக்க இரண்டாம் கப்பலுக்கு அட்வான்ஸ் வாங்குகிறார். இரண்டாவதை முடிக்க மூன்றாவது. சீட்டுப் பணத்தைச் சுழற்றுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. பழைய ஆர்டர் நிலுவையில் இருக்கும்போதே "முதல் ஐம்பது பேருக்குச் சலுகை" என்று புதிய கப்பலை அறிவித்தால், தயவுசெய்து கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் விதம் எல்லாவற்றையும் விட முக்கியம். பிரிட்டனில் 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்குக் கிரெடிட் கார்டில் ஒரு பகுதி கட்டியிருந்தாலும் போதும், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி கார்டு கொடுத்த வங்கியும் முழுத் தொகைக்குப் பொறுப்பு. விற்றவர் திவாலானாலும் பொறுப்பு. மாதந்தோறும் பத்துப் பன்னிரண்டு பவுண்டு கட்டி உதிரிபாகம் வாங்குபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பொட்டலமும் நூறுக்குக் கீழ் என்று வங்கி கைவிரிக்கும். டெபிட் கார்டுக்கு சார்ஜ்பேக் உண்டு, அதாவது கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பக் கேட்பது, சட்ட உரிமை இல்லை, கார்டு நிறுவனங்களின் விதி. பொதுவாக 120 நாள் கெடு. பொருள் வரவேண்டிய தேதியிலிருந்து எண்ணினாலும், பணம் கட்டி 540 நாள் தாண்டினால் பொதுவாகக் கதவு மூடிவிடும். இரண்டு வருட ப்ரீ-ஆர்டருக்கு இது உதவாது. நேரடி வங்கிப் பரிமாற்றம் என்றால் ஒன்றுமே இல்லை. தம்பி எப்படிக் கட்டினார் தெரியுமா? வங்கிப் பரிமாற்றம். மூன்று சதவீதம் தள்ளுபடி கிடைத்ததாம். பத்தொன்பது பவுண்டு இருபது பென்ஸ்.

அப்புறம், பிரிட்டனில் நிறுவனங்களைப் பதிவு செய்யும் கம்பெனீஸ் ஹவுஸ் அலுவலகத்தின் இணையதளம். இலவசம். நிறுவனத்தின் பெயரைப் போட்டுக் கணக்குத் தாக்கல் தாமதமா என்று பாருங்கள். 'சார்ஜஸ்' என்ற பகுதியில் சமீபத்தில் யாராவது எல்லாச் சொத்தையும் அடமானம் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். தம்பியின் பட்டறையில் அப்படியொரு பதிவு அவர் பணம் கட்டுவதற்கு ஆறு வாரம் முன்பே இருந்தது. ஐந்து நிமிட வேலை இது.

விழுந்த பிறகு செய்யக் கூடாததும் இருக்கிறது. நிறுவனத்தைக் காப்பாற்றுகிறோம் என்று மிச்சத் தவணையைக் கட்டாதீர்கள், அது வரிசையில் முன்னால் நிற்பவருக்குத்தான் போகும். "திவால் சரக்கு, 80 சதவீதம் தள்ளுபடி" என்று முளைக்கும் தளங்களில் கார்டு எண்ணைப் போடாதீர்கள். உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள் என்று யார் பேசினாலும் போனை வையுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டரிடம் கோரிக்கை கொடுக்கக் கட்டணம் கிடையாது. பழைய ஊழியர்களைத் தேடிப்பிடித்துத் திட்டாதீர்கள். மூலச் சிற்பம் செய்த கலைஞருக்கும் சம்பளம் பாக்கி இருக்கும், அவரும் இதே படிவத்தைத்தான் நிரப்பிக்கொண்டிருப்பார்.

கோரிக்கைப் படிவத்தை மட்டும் கட்டாயம் அனுப்புங்கள். 1,000 பவுண்டுக்குள் உள்ள கடனை நிறுவனத்தின் பதிவேட்டைப் பார்த்தே ஏற்றுக்கொள்ள விதி இடம் தருகிறது, ஆனால் பட்டறைகளில் பதிவேடு பெரும்பாலும் ஒருவர் லேப்டாப்பில் பாதியில் நிற்கும். ரசீது, தேதி, கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் இணையுங்கள். இது பணத்துக்காக மட்டுமில்லை. இயக்குநர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று அட்மினிஸ்ட்ரேட்டர் மூன்று மாதத்துக்குள் அரசுக்கு அறிக்கை தர வேண்டும். பொருள் தர முடியாது என்று தெரிந்த பிறகும் ஆர்டர் வாங்கினார்களா என்பது அதில் வரும்.

தம்பியின் இன்பாக்ஸைச் சேர்ந்தே பார்த்தோம். பட்டறை விழுவதற்குப் பதினோரு நாள் முன்பு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அடுத்த கப்பலுக்கு முன்பதிவு ஆரம்பம், பழைய வாடிக்கையாளருக்கு முதல் வாய்ப்பு. அதைத்தான் படிவத்தோடு முதல் பக்கமாக வைக்கச் சொன்னேன்.